ராமு ஒரு பொம்பள நாய்!

உங்க தெருவில் ஒரு நாய் இருக்கும். அதுக்கு என்ன பேர்?

எங்க கோபாலபுரம் சந்தில் இருக்கிறதுக்கு மொத்தம் நாலு பேர். எங்க பாட்டிக்கு அது ராமு. எதிர்வீட்டு அங்கிளுக்கு டைகர். பால் போடுற அண்ணனுக்கு கருப்பா. தெருமுனையில் இஸ்திரி வண்டி வெச்சிருக்கிற அக்காவுக்கு வெறும் 'டேய்'. நாலு பேருக்கும் வாலை ஆட்டும். இதில் காமெடி என்னன்னா, ராமு ஒரு பொம்பள நாய். ரெண்டு ஈடு குட்டி போட்ட பிறகும் யாரும் பேரை மாத்தலை!

நானும் கண்டுக்கலை. எனக்கு நாய்னா பயமும் கிடையாது, பாசமும் கிடையாது. நான் பி.காம். ரெண்டாம் வருஷம். 'அறுபது மணி நேரம் சமூக சேவை செஞ்சாதான் கிரெடிட்'னு காலேஜ்ல சொன்னதும் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினோம். "ப்ளூ கிராஸ் போடா மச்சி. நாய்க்குட்டியோட விளையாடலாம், ரீல்ஸ் போடலாம், சர்டிஃபிகேட்டும் கிடைக்கும்"னு ஒருத்தன் உசுப்பேத்திவிட்டான். கிளம்பிட்டேன்.

கிண்டி செக்போஸ்ட் பக்கம், வேளச்சேரி மெயின் ரோடு. முதல் நாள் வெள்ளை ஷூ போட்டுக்கிட்டுப் போனேன். (சிரிக்காதீங்க!) கையில் குட்டி எதையும் தரலை. விளக்குமாறும் ஒரு பக்கெட் தண்ணியும் தந்தாங்க. கூண்டைக் கழுவணும், திரும்பவும் கழுவணும். மத்தியானம் அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தைத் திறந்தா அதிலேயும் ஃபினாயில் வாசனை. வெள்ளை ஷூ அன்னிக்கே ரிட்டயர் ஆயிடுச்சு.

நாய், பூனைதான் இருக்கும்னு நினைச்சேன். மாடு இருந்தது. வண்டி ஏறி இடுப்பு போன நாய்ங்க முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கிட்டே வந்து என் பேன்ட்டை மோந்து பார்த்துச்சுங்க. மூணாவது நாள் ஒரு நாயைக் கொண்டுவந்தாங்க. காதுக்குப் பின்னாடி ஐந்து ரூபாய் காசு அளவுக்கு ஒரு ஓட்டை. உள்ளே நெளியுது. புழு! ஈ உட்கார்ந்து முட்டை வெச்சு, புழுவாகி, சதையைத் தின்னுக்கிட்டே உள்ளே போயிருக்கு. நாயை நான் பிடிச்சுக்கணும். டாக்டர் இடுக்கியால் ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டார். நாற்பது வரைக்கும் எண்ணினேன். அதுக்கு மேல எண்ண முடியலை, வெளியே போய் வாந்தி எடுத்துட்டு வந்து திரும்பப் பிடிச்சேன். அந்த நாய் ஒரு தடவைகூட பல்லைக் காட்டலை.

இன்னொரு குட்டி. சூயிங்கம் மெல்லுற மாதிரி வாயை அசைச்சுக்கிட்டே இருந்தது. க்யூட்டா இருக்கேன்னு செல்போனை எடுத்தேன். பக்கத்தில் இருந்த அக்கா கையைத் தட்டிவிட்டாங்க. அது டிஸ்டெம்பர். வைரஸ் மூளைக்கு ஏறிட்டா வர்ற வலிப்பு அது. குட்டியில் தடுப்பூசி போட்டிருந்தா வராமலே தடுத்திருக்கலாம். ரெண்டு நாள்ல அந்தக் கூண்டு காலி. கழுவினது நான்தான். ரீல்ஸ் ஆசை அதோட போச்சு.

ஓய்வு நேரத்தில் பழைய கதை காதில் விழும். 1959-ல் தி.நகர்ல தொடங்கின அமைப்பு இது. கேப்டன் சுந்தரம் ஒரு விமானி. அவர் மனைவி உஷாவும் விமானி! மழைத் தண்ணியில் தத்தளிச்ச நாய்க்குட்டிகளை அவர் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்ததுதான் ஆரம்பம். அவங்க மகன் சின்னி கிருஷ்ணா. அப்பல்லாம் தெருநாய்னா கார்ப்பரேஷன்காரங்க பிடிச்சிட்டுப் போய்க் கொன்னுடுவாங்க. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். அவ்வளவு கொன்னும் நாய் குறையலை. ஏன்? ஒரு தெரு காலியானா பக்கத்துத் தெரு நாய் வந்து உட்கார்ந்துடும், அதுவும் குட்டி போடும். கொல்லாம கருத்தடை பண்ணி, ரேபிஸ் ஊசி போட்டு, பிடிச்ச இடத்திலேயே விடுங்கன்னு 1964-ல் இவங்க சொன்னாங்க. சென்னை மாநகராட்சி ஒத்துக்கிட்டது 1996-ல். முப்பத்திரண்டு வருஷம்! 2001-ல் அதுவே மத்திய அரசு விதியாச்சு, 2023-ல் புது விதிகள் வந்துச்சு. காது நுனியில் 'வி' மாதிரி வெட்டு இருக்கிற நாயைப் பார்த்திருப்பீங்களே, அது ஆபரேஷன் ஆனதுக்கு அடையாளம். எங்க வீட்டிலிருந்து நடந்து போற தூரத்தில், லாயிட்ஸ் காலனியில், மாநகராட்சியின் கருத்தடை மையம் இருக்கிறதே எனக்கு அப்பதான் தெரியும்.

ராமு காதில் வெட்டு இல்லை. அடுத்த ஈடு வர்றதுக்குள்ள நானே கூட்டிட்டு வர்றேன்னு பெரிய மனுஷன் மாதிரி சொல்லிட்டேன்.

இங்கேதான் சொதப்பினேன். வாய்க்கட்டு எடுத்துட்டுப் போன்னு சொன்னாங்க. 'நம்ம ராமுதானே'ன்னு விட்டுட்டேன். நாய்ங்களோட வேலை பார்க்கிறவங்க முன்கூட்டியே ரேபிஸ் ஊசி போட்டுக்கணும்னு முதல் நாளே சொன்னாங்க. 'அடுத்த வாரம்'னு அதையும் தள்ளிட்டேன். ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நம்பி ராமு ஆட்டோவில் ஏறிடுச்சு. கதீட்ரல் ரோடு சிக்னலில் ஒரு பஸ் காது கிழிய ஹாரன் அடிச்சான். ராமு வெளியே தாவப் பார்க்க, நான் கழுத்தைப் பிடிக்க... வலது கையில் நாலு பல். ரத்தம் நல்லாவே வந்தது.

இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க: நாய் கடிச்சா உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு, பதினைந்து நிமிஷம் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் கூடாது. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட யாரும் பிழைக்கிறதில்லை. வர்றதுக்கு முன்னாடி ஊசி போட்டுட்டா பயமில்லை. நான் ராயப்பேட்டை ஜி.ஹெச். போனேன். முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ம் நாள். ரத்தம் வந்த கடிங்கிறதால் காயத்தைச் சுத்தியே இம்யூனோகுளோபுலின்னு தனி ஊசி வேற. கடியே தேவலைன்னு தோணுச்சு!

டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். ராமுவைப் பத்து நாள் தனியா வெச்சுக் கவனிக்கணும்னாங்க. பத்து நாளும் நல்லா இருந்தா, கடிச்ச அன்னிக்கு அதோட எச்சில்ல ரேபிஸ் இல்லைன்னு அர்த்தம். வீட்டில் மட்டும் ஆட்டோ கதவில் கை மாட்டிக்கிச்சுன்னு கதை விட்டேன். கடிச்சதுன்னு தெரிஞ்சா ராமு தெருவுக்குத் திரும்பவே முடியாதே!

ஆனா தெருவே அதைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தது. "ஒருவழியா தொலைஞ்சது. கொண்டுவந்துடாதேப்பா"ன்னார் டைகர்னு பேர் வெச்ச அதே அங்கிள். மாடி வீட்டு அக்கா படியில் நின்னு கேட்டாங்க. அவங்க பையன் ஒண்ணாவது படிக்கிறான். போன வருஷம் ராமு குட்டி போட்டிருந்தப்ப துரத்தி, விழுந்து, புருவத்தில் நாலு தையல். அதிலிருந்து பால்கனியை விட்டு இறங்க மாட்டான்.

"நாய் எங்கே இருக்கணும்னு உனக்கு சட்டம் தெரியுது தம்பி. என் பையன் எங்கே விளையாடணும்னு எந்த சட்டத்தில் இருக்கு?"

டி.வி.யில் இதே சண்டையைப் பார்த்திருப்பீங்க. 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லி தெருநாய்களையெல்லாம் பிடிச்சு காப்பகத்தில் அடைக்கச் சொன்னது சுப்ரீம் கோர்ட். ஆகஸ்ட் 22-லேயே அதை மாத்தி, ரேபிஸ் உள்ளதும் ஆக்ரோஷமானதும் தவிர மத்ததைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பிறகு பிடிச்ச இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7-ல் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட் வளாகங்களில் பிடிக்கிறதைத் திரும்ப அங்கேயே விடக் கூடாதுன்னது. கோர்ட்டுக்கே இவ்வளவு யோசனை. நான் படிக்கட்டில் நின்னு, கட்டுப் போட்ட கையை பாக்கெட்டுக்குள் விட்டுக்கிட்டு, "ராமு யாரையும் கடிச்சதில்லைக்கா"ன்னேன்.

அந்தப் பொய் ராத்திரி தூங்கவிடலை. புழு வெச்ச நாயைப் பிடிச்சப்பகூட இவ்வளவு குமட்டலை. அந்த அக்கா கெட்டவங்க இல்லை. பயம் நிஜம், தையல் நிஜம். அதுக்கு நான் பொய்யைப் பதிலாத் தந்திருக்கேன்.

மறுநாள் மாடி ஏறினேன். "அக்கா, ராமு என்னைக் கடிச்சது. தப்பு என்னோடது, ஆனா கடிச்சது."

"கையைக் காட்டு."

காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. "அம்மாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்லை."

"முதல்ல அதைப் போய்ச் சொல்லு." கதவைச் சாத்தப் போனவங்க திரும்பி, "அது இங்கேதான் இருக்கும்னா, காலைல இவனை வேன் ஏத்திவிடுறது உன் பொறுப்பு"ன்னாங்க.

அம்மாகிட்ட வாங்கின திட்டை இங்கே எழுத இடம் பத்தாது.

பன்னிரண்டாம் நாள் ராமு வந்தது, இந்தத் தடவை வாய்க்கட்டோட. இறக்கிவிட்டதும் தெரு முழுக்க மோந்து பார்த்துட்டு, நேரா இஸ்திரி வண்டிக்குக் கீழே போய்ப் படுத்துக்கிச்சு. "டேய், வந்துட்டியா!"ன்னு அக்கா அடுப்புக் கரியை ஊதிக்கிட்டே ஒரு பன்னைப் பிச்சுப் போட்டாங்க. எதிர்வீட்டு அங்கிள் என்னைப் பார்த்துட்டு, பார்க்காத மாதிரி உள்ளே போயிட்டார். இன்னும் பேசலை.

அறுபது மணி நேரம் எப்பவோ முடிஞ்சது. ஞாயித்துக்கிழமைகளில் கூண்டு கழுவப் போறேன். மத்த நாள் காலைல 7.40-க்கு வேன். பையன் என் சட்டையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் வண்டியைத் தாண்டுவான். ராமு எழுந்திரிச்சா நின்னுடுவான். அது பாட்டுக்குத் திரும்பிப் படுத்துக்கும். போன வாரம் கேட்டான்.

"அதுக்குக் காது ஏன் அப்படி இருக்கு?"

சொன்னேன். வயித்தில் தையல் போட்டதையும் சொன்னேன்.

"எத்தனை?"

தெரியலைடான்னேன். புருவத்தைத் தடவிப் பார்த்துக்கிட்டு, "கேட்டுட்டு வா"ன்னுட்டு வேன்ல ஏறிட்டான். ஞாயித்துக்கிழமை டாக்டர்கிட்ட கேட்கணும்.