அப்பா... மூச்சை விடுங்க!

வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரை பாலாற்றின் மேல் எந்தப் பாலத்தில் பஸ் போனாலும் ஜன்னல் வழியே எட்டிப் பாருங்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல், சீமைக்கருவேலம், கிரிக்கெட் ஆடும் பையன்கள்... அவ்வளவுதான். 2021 நவம்பரில் இதே ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டபோது ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். ஆற்றில் தண்ணீர் வருவது எங்களுக்கு அவ்வளவு பெரிய செய்தி!

இப்படிப்பட்ட ஆம்பூரிலிருந்து நானும் அப்பாவும் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ள புதுச்சேரி கிளம்பினால், ஷூ கம்பெனியில் என் பக்கத்து சீட்காரர் சிரிக்காமல் என்ன செய்வார்? "லீவ் லெட்டர்ல இன்னா காரணம் எழுதப்போற? முத்து எடுக்கப் போறேன்னா?"

அப்பாவுக்கு 56 வயது. முப்பது வருஷம் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை. பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு, முடி நீக்கி, சதை சீவி... தொழில் முழுக்கத் தண்ணீரில்தான். அந்தத் தண்ணீர் உப்பும் குரோமியமுமாக வெளியேறி நிலத்தையும் கிணற்றையும் கெடுத்த கதை, சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1996-ல் வந்த அந்த 'வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்' தீர்ப்பை சட்டக் கல்லூரிப் பையன்கள் இன்றும் படிக்கிறார்கள். சுற்றுச்சூழலைக் கெடுத்தவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு. எங்களுக்குச் சோறு போட்டதும் அதே தொழில்தான். இதில் யாரைத் திட்டுவது, சொல்லுங்கள்!

அப்பா நீச்சல் கற்றது கிணற்றில். முதுகில் சுரைக்குடுவையைக் கட்டித் தாத்தா தள்ளிவிட்டாராம். அப்புறம் நாற்பது அடிக் கிணற்றில் தலைகீழாகக் குதித்து, அடி மண்ணை ஒரு பிடி அள்ளிக்கொண்டு மேலே வருகிற பந்தயம். அதில் அப்பாவை ஜெயிக்க ஆள் கிடையாதாம் (சொன்னது அப்பாதான்). நான் வளர்ந்தபோது அதே கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு நிறமும் ஒரு வாசனையும் வந்திருந்தன. "உள்ள கால வெச்சே... தோல உரிச்சுடுவேன்" என்பாள் பாட்டி. தோல் ஊரில் இது சும்மா மிரட்டல் இல்லை சார்! ஆக, நான் நீச்சல் கற்றது 26 வயதில், வேலூரில், மாசச் சந்தா கட்டி.

ஸ்கூபாவை உலகத்துக்குக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பிரான்ஸின் ழாக் கூஸ்தோ. 1943-ல் எமில் கான்யான் என்ற என்ஜினீயரோடு சேர்ந்து 'அக்வாலங்' கருவியை உருவாக்கினார். இரண்டே வருஷத்தில், ஏழு வயது மகன் ழான் மிஷேலின் முதுகிலும் ஒரு சிலிண்டரை மாட்டிக் கடலில் இறக்கிவிட்டார். நம் பக்கத்தில், புதுச்சேரியில் ஸ்கூபா சொல்லித்தரும் அரவிந்த் தருண்ஸ்ரீ, மகள் தாரகை ஆராதனாவைச் சின்ன வயதிலேயே கடலுக்குப் பழக்கினார். கடலிலிருந்து பிளாஸ்டிக்கைப் பொறுக்கி வந்த அந்தக் குழந்தையைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அங்கெல்லாம் அப்பா குரு, பிள்ளை சிஷ்யப்பிள்ளை. எங்கள் கேஸில் இருவருமே எல்.கே.ஜி!

இந்தக் கோர்ஸில் சேரப் பத்து வயது ஆகியிருந்தால் போதும். மேலே வயது வரம்பு கிடையாது. ஆனால் 45-ஐத் தாண்டியவர்களுக்கு மெடிக்கல் ஃபாரத்தில் கூடுதல் கேள்விகள் உண்டு. அப்பா பீடியை விட்டுப் பத்து வருஷம் ஆனது அன்றைக்கு உதவியது. டாக்டர் கையெழுத்தும் கிடைத்தது. ஆரணி, திண்டிவனம் வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

முதல் நாள் நீச்சல் குளத்தில். இருநூறு மீட்டர் நீந்திக்காட்டச் சொன்னார்கள். அப்பா கிணற்று ஸ்டைலில் தடதடவென்று தண்ணீரை அடித்துக்கொண்டு போய், எனக்கு முன்னால் கரையேறி நின்றார். அப்புறம்தான் வந்தது வில்லங்கம்.

"தண்ணிக்குள்ள மூச்சை அடக்கவே கூடாது. இதுதான் முதல் விதி" என்றார் பயிற்சியாளர். காரணம் இருக்கிறது. கிணற்றில் குதிப்பவர் மேலேயே காற்றை இழுத்துக்கொண்டு போகிறார். ஆழத்தில் அது சுருங்கும், மேலே வந்தால் பழையபடி ஆகிவிடும். ஸ்கூபாவில் ஆழத்திலேயே சிலிண்டர் காற்றை இழுக்கிறோம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும்.

அப்பா ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு முங்கினார். குமிழியே வரவில்லை. பத்து வினாடி... இருபது... முப்பது... பயிற்சியாளர் தோளைத் தட்டினார். மறுபடி முங்கினார். மறுபடி அதே கதை!

"மூச்ச உட்டா செத்தேன்னு எங்கப்பன் சொல்லிக் குடுத்தாரு. இவரு உடு உடுங்கறாரு. அம்பது வருஷப் பழக்கம்டா... நெஞ்சு கேக்கல" என்றார், ராத்திரி லாட்ஜில். குரல் கம்மியிருந்தது. "நீ மட்டும் போய்ட்டு வா. நான் கரையில ஒக்காந்திருக்கேன்." அப்பா எதிலும் பின்வாங்கி நான் பார்த்ததில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் அவரே வழி கண்டுபிடித்துவிட்டார். குளத்தில் முங்கி, உள்ளேயே ஒரு எம்.ஜி.ஆர். பாட்டை முனக ஆரம்பித்தார். முனகினால் காற்று வெளியே வந்துதானே ஆகவேண்டும்! பல்லவிக்குப் பல்லவி குமிழி. பயிற்சியாளர் சிரித்த சிரிப்பில் அவர் மாஸ்க்கே கழன்றுவிட்டது.

மூன்றாம் நாள் கடல். ஆறு மீட்டரில் என் காதில் ஊசி குத்தியது. காதைக் காட்டி, கையை ஆட்டினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் மேலே கொண்டுவந்தார். மூக்கைப் பொத்தி ஊதிக்காட்டினார். 'டப்'பென்று காது திறந்தது. கிணற்றில் கற்ற வித்தையாம்! நான் தேறும்வரை கையை விடவில்லை.

அடியில் வெறும் மணல்தான், நடுவே ஒரு பாறைக் கூட்டம். திடீரென்று பெரிய மீன் கூட்டம் ஒன்று எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அப்பா குஷியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஸ்கூபா பாஷையில் அதற்கு 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'மேலே போகலாம்' என்று அர்த்தம். பயிற்சியாளர் உடனே எல்லோரையும் மேலே கிளப்பிவிட்டார்! கிளம்புகிற அவசரத்திலும் அப்பா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டதைப் பார்த்தேன். படகில் கையை விரித்தார். நாலைந்து மணல்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது, அப்படியே ஏலகிரிக்குப் போய்விட்டுப் போகலாம் என்றார் அப்பா. டைவிங் முடிந்த கையோடு மலை ஏறக்கூடாது, விமானத்துக்குச் சொல்வதுபோல அதற்கும் ஒருநாள் பொறுக்க வேண்டும் என்றேன். "எங்க கிணத்துக்கு இந்த ரூல்ஸெல்லாம் கெடையாதுடா."

ஒவ்வொரு டைவுக்கும் லாக் புக்கில் ஆழம், நேரம் எழுதி, கூட வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை என் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்ட மனுஷர், ஆரணி டீக்கடை பெஞ்சில் தன் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"பாத்துப் போடு. தப்பா எதுவும் எழுதிடாத."