குரு பிழைக்கலாமா?

சென்ற கோடையில் ஒலக்கூரில் தமையனார் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். இரவு திண்ணையில் பாய் விரித்ததும் குழந்தைகள் நம்மைச் சூழ்ந்துகொண்டு, பரமார்த்த குரு கதை சொன்னால்தான் ஆயிற்று என்றார்கள்.

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய கதை அது. 1822-ல் லண்டனில் அச்சேறியது. மட்டி, மடையன் முதலிய ஐந்து சீடர்களின் அசட்டுத்தனத்துக்கு அளவே கிடையாது. குதிரையிலிருந்து பள்ளத்தில் விழுந்த குருவை அவர்கள் தூக்கவில்லை. விழுந்தால் எடுக்கவேண்டிய சாமான்களின் ஜாபிதாவில் குரு இல்லையே! கிடந்தபடியே தம்மையும் அவர் எழுதிச் சேர்த்த பிறகுதான் தூக்கினார்கள். குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கதையின் முடிவுதான் பொல்லாதது. மூர்ச்சையான குருவை இறந்துவிட்டதாக எண்ணி, நீராட்டுகிறோமென்று தண்ணீரில் அமுக்கி, மெய்யாகவே கொன்றுவிடுகிறார்கள். நம் தகப்பனார் அந்த வீட்டில் காலமாகி மூன்று மாதந்தான் ஆகியிருந்தது. ஆகவே குருவைப் பிழைக்கவைத்துக் கதையை முடித்தோம்.

ஏழு வயதுப் பெண் எழுந்து உட்கார்ந்தாள். "பொய், சித்தப்பா! குரு செத்துத்தான் போவார். தாத்தா அப்படித்தான் சொல்லுவார்."

வேறு வழியின்றி உள்ளபடியே சொன்னோம். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அவள்தான். பிறகு, தாத்தா கண்ணை மூடி, நாக்கை நீட்டி, குரு சாவதை நடித்துக் காட்டும் விதத்தை அவளே நடித்துக் காட்டினாள்.

மூன்று மாதமாக அவர் பேச்சை எடுக்கவே அஞ்சியிருந்த வீடு அது. உள்ளே மன்னி சிரிக்கும் ஒலி கேட்டது. பிறகு மூக்கைச் சிந்தும் ஒலியும் கேட்டது. குழந்தைகளுக்காகவா நாம் குருவைப் பிழைக்கவைத்தோம்?