செலவழிக்க மூச்சிருந்த காலம்

மல்லாந்து படுத்துத் தூங்குவதைக்கூட நான் அவ்வளவாகத் தேடவில்லை. மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொள்ளப் பழகிவிட்டது. மாடிப்படியும் போனால் போகட்டும். நான் தேடுவது குலவையை.

சிவகங்கைப் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வயலில் முதல் நாற்றை ஊன்றும்போது, முளைப்பாரியைத் தலையில் தூக்கி வைக்கும்போது, பொங்கல் பானை பொங்கி வழியும்போது பெண்கள் நாக்கை ஆட்டி எழுப்புகிற ஒலி அது. நாக்குக்குப் பாதி வேலைதான். மீதியெல்லாம் மூச்சு. அடிவயிற்றிலிருந்து எடுத்து, மிச்சம் வைக்காமல் விட்டுவிட வேண்டும். எங்கள் தெருவில் அப்பத்தா இருந்தவரை அவர்தான் கடைசியாக நிறுத்துவார். அதற்குப் பிறகு நான். நிறுத்தியதும் தலை லேசாகக் கிறுகிறுக்கும். அந்தக் கிறுகிறுப்பு எனக்குத் திரும்ப வேண்டும். இப்போதும் தலை சுற்றுகிறது, ஆனால் இது வேறு.

கழுத்துக் கட்டிக்காகத் தைராய்டை எடுத்தபோது என் பயமெல்லாம் குரலைப் பற்றித்தான். குரல்வளைக்குப் போகிற நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது, அதற்குச் சேதம் வந்தால் குரல் கம்மிவிடும் என்று முன்னாலேயே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மயக்கம் தெளிந்து தண்ணீர் கேட்டேன், என் குரல்தான் வந்தது. பாப்பிலரி வகை, புற்றுநோய்களிலேயே இது நல்லது என்றார்கள். புற்றுநோயில் நல்லது என்ன, கெட்டது என்ன என்று தோன்றியது. ஆனால் அது பொய்யில்லை. பெரும்பாலோருக்கு அறுவையோடும் கதிரியக்க அயோடினோடும் முடிந்துவிடுகிறது. நானும் அயோடின் உப்பு, கடல் மீன், பால், முட்டை எல்லாவற்றையும் விலக்கி, மருந்தை விழுங்கி, தனியறையில் அடைந்து கிடந்துவிட்டு வந்தேன். அடுத்த முளைப்பாரிக்குக் குலவையும் விட்டேன்.

பிறகு ரத்தத்தில் தைரோகுளோபுலின் ஏறத் தொடங்கியது. சுரப்பியே இல்லாத உடம்பில் அது ஏறினால், அதன் செல்கள் எங்கோ குடியிருக்கின்றன என்று பொருள். நுரையீரலில் இருந்தன. அங்கிருந்து அதைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கும் போயிருந்தன. அங்கே நீர் கோத்துக்கொண்டது. இந்த நோயில் இப்படி நீர் கோப்பது அபூர்வம். செல்கள் அயோடினை உறிஞ்சுவதையும் விட்டுவிட்டதால், இப்போது லென்வாட்டினிப் மாத்திரை.

நுரையீரலுக்குள் தண்ணீர் என்றுதான் வீட்டில் பேச்சு. அது உள்ளே இல்லை, சுற்றி நிற்கிறது. இரண்டு மெல்லிய சவ்வுகளுக்கு நடுவே எல்லோருக்கும் இரண்டு மூன்று தேக்கரண்டி நீர் உண்டு, மூச்சு விடும்போது உரசாமல் வழுக்குவதற்கு. அது ஊறுவதும் வடிவதும் நடந்துகொண்டே இருக்கும். புற்றுச் செல்கள் சவ்வில் ஊன்றிவிட்டால் ஊற்று கூடுகிறது, வடிகிற நிணநீர்ப் பாதை அடைபடுகிறது. மடை அடைத்த கண்மாய்க்கு வரத்துக்கால் மட்டும் ஓடுகிற கதை.

மருத்துவர் முதுகில் விரலை வைத்து, இன்னொரு விரலால் தட்டிக்கொண்டே இறங்குவார். காற்றுள்ள இடம் முழங்கும், நீர் நிற்கிற இடம் செத்து ஒலிக்கும். நெஞ்சைத் தட்டிக் கேட்கும் இந்த முறையை 1761-இல் வியன்னாவில் நூலாக வெளியிட்டவர் லியோபோல்ட் அவுவன்புருக்கர். சத்திரக்காரர் மகன். சாலியேரியின் இசைநாடகம் ஒன்றுக்குப் பாட்டும் வசனமும் எழுதியவரும் அவரே. காதுள்ள மனிதர்தான் இதைக் கண்டுபிடித்திருக்க முடியும்.

நீர் எடுக்கும்போது மேசைமேல் தலையணையைப் போட்டுக் குனிந்து உட்கார வேண்டும். விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசி இறங்கும், கீழ் விளிம்பில் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுவதால். ஒரே தடவையில் பொதுவாக ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. நசுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோத்துவிடக்கூடும். விரியும்போது இருமல் பிடுங்கும். அதன்பின் சில நாள் தாராளம். அந்த நாட்களில் மூச்சை எதற்குச் செலவழிப்பது என்று கணக்குப் போடுகிறேன்: தலைக்குக் குளிக்கவா, தங்கச்சியோடு போனில் சண்டை போடவா. முன்பெல்லாம் இந்தக் கணக்கே கிடையாது. சாமிக்கு, வயலுக்கு, அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு என்று அள்ளிவிட்டேன்.

திரும்பத் திரும்பக் கோத்தால் டால்க் தூள் செலுத்தி இரண்டு சவ்வையும் ஒட்டவைக்கலாம், அல்லது சிறு குழாய் பொருத்தினால் வீட்டிலேயே வடித்துக்கொள்ளலாம் என்கிறார் மருத்துவர். எதைச் செய்தால் திருவிழாவுக்கு ஊரில் போய் உட்காரலாம் என்று கேட்டேன். சிரித்தார்.

ஊரில் இப்போது பதிவு செய்த குலவையை மைக்செட்டில் போடுகிறார்களாம். அதில் மூச்சு தீருகிற இடமே வராது. ஒருத்தி விடுகிற இடத்தில் இன்னொருத்தி ஏறிப் பிடிப்பதில்தான் குலவை இருக்கிறது. மைக்செட்டை நிறுத்தச் சொல் என்று அண்ணன் மகளிடம் சொன்னேன்.

"அப்ப யாரு அத்தை விடுறது?"

"நீ விடு. நான் பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றேன்."

போனிலேயே விட்டுக் காட்டினாள். நாக்கு நன்றாகச் சுழல்கிறது. மூச்சைத்தான் நெஞ்சிலிருந்து எடுக்கிறாள், அதனால் பாதியில் நின்றுவிடுகிறது. அதைத் திருத்த வேண்டும்.