புதுவையின் 'மேரி'



தாராபுரத்திலிருந்து புதுவைக்குத் திருப்பயணம் சென்றிருந்தோம். கடற்கரைச் சாலையில் காந்தியடிகள் சிலைக்கு அருகில் நின்ற மாளிகையைக் காட்டி, "மேரி கட்டடம் என்கிறார்களே, மாதா கோயிலுங்களா சாமி?" என்று ஒரு தாய் வினவினார்.

அன்று. 'மேரி' என்பது நகராட்சி மன்றத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். பிறப்பும் திருமணமும் இறப்பும் பதிவாகும் ஊர்ப் பொதுவீடு அது. 1674இல் பிரெஞ்சியர் புதுவையில் காலூன்றினர். அந்நூற்றாண்டின் பணிகளை 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினர். 1692இல் முதன்முதல் எழுந்த சம்பா கோயிலும் பன்முறை அழிவுற்று, 1791இல்தான் இன்றைய உருவம் பெற்றது. மேரி மாளிகை 1870-71இல் கட்டப்பட்டது.

அதனைப் பகைவர் பீரங்கி வீழ்த்தவில்லை. 2014 நவம்பர் 29ஆம் நாள், மழையில் அது தானே சரிந்தது. பின்னர் உலக வங்கியின் நிதியுதவியுடன் பழைய தோற்றத்திலேயே எழுப்பப்பெற்று, 2021இல் திறக்கப்பட்டது. இன்று காண்பது அழகியதே. ஆயினும் அது மறுபிறவி. அதன் அருகிலுள்ள சம்மனசுகளின் இராக்கினி ஆலயமோ 1855 முதல் அதே உப்புக் காற்றில் நின்று வருகிறது.

அவ்விடத்தில் என் மனச்சான்று என்னைக் குத்தியது. பல்லாண்டுகளுக்கு முன், ஒரு கிளைப்பங்கில் மழைக்கு ஒழுகிய சுண்ணாம்புச் சிற்றாலயத்தை இடித்துக் காங்கிரீட் ஆலயம் கட்ட முனைந்தேன். "கூரையை மட்டும் மாத்தலாமுங்க சாமி. சுவரு எங்க பாட்டன் கட்டுனதுங்க" என்றார் முதிய உபதேசியார். நான் செவிசாய்க்கவில்லை. ஒழுகிய கூரை ஒரு நாளில் இறங்கியது. அச்சுவரை இடிக்க ஒரு வாரம் ஆயிற்று. அவர் ஓரமாக நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். பின்பு நான் கட்டிய ஆலயமும் ஒழுகலாயிற்று.

நம் கோவை மறைத்தளம் 1850இல் புதுவையிலிருந்து பிரிந்தது. அம்முன்னோர் காலத்துச் சுவர்கள் சில இன்னும் நம் ஊர்களில் எஞ்சியிருக்கலாம். பழங்கட்டடம் ஒரே நாளில் விழுவதில்லை. தளத்தில் முளைத்த அரசங்கன்றும், அடைபட்ட நீர்த்தூம்பும், விட்டத்தின் நுனியில் ஊறும் ஈரமும் ஆண்டுக்கணக்கில் அதனை அரிக்கின்றன.

ஆகவே, ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு பங்கிலும் இளைஞர் சிலர் கூரைமீது ஏறிப் பார்க்கட்டும். கன்றைக் களைவதற்கும் தூம்பைத் துப்புரவு செய்வதற்கும் பெருநிதி வேண்டுவதில்லை. இடிக்கும் எண்ணம் எழுந்தாலோ, முதலில் ஊர்ப் பெரியவரைக் கேளுங்கள். நான் கேட்டிருக்க வேண்டும்.