பின்வரிசை முகங்கள்

(இளமறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

ஆய கலைகள் அறுபத்து நான்கு என்று நம் முன்னோர் வகுத்து வைத்தனர். அந்தப் பட்டியலில் புகைப்படக் கலைக்கு இடமில்லை, இருக்கவும் முடியாது. பிரான்சு நாட்டு டாகுவேர் கண்ட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839ஆம் ஆண்டில்தான். ஆனால் இன்றோ, மேளம் இல்லாத கல்யாணத்தைக்கூடக் கண்டுவிடலாம். புகைப்படக்காரர் இல்லாத கல்யாணத்தைக் காண்பது அரிது. அக்கலையில் ஓராண்டாகக் கற்றுக்குட்டியாக இருந்துவரும் நான், கற்றவற்றுள் சிலவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தாயார் பீடி சுற்றுகிறார். கல்லூரிக் கட்டணத்தை எப்படியோ சமாளித்தாலும் புத்தகம், ரெக்கார்டு நோட்டு, கைச்செலவு என்று இருக்கத்தானே செய்கிறது? ஆகவே முகூர்த்த நாட்களில், எங்கள் ஊர்க் கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் வேலைக்குப் போகிறேன். தை, வைகாசி, ஆவணி என்றால் ஓய்விராது. ஆடியிலும் மார்கழியிலும் வேலையிராது. விடியற்காலை முகூர்த்தத்துக்கு நான் மூன்று மணிக்கே எழுந்து கிளம்பும்போதெல்லாம், "நீ படிக்கப் போறியா, படம் பிடிக்கப் போறியா?" என்று அம்மா கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு ஓராண்டு ஆயிற்று.

முதல் ஆறு மாதம் நான் கேமராவைத் தொடவில்லை, விளக்குப் பிடித்தேன். அண்ணாச்சி தொழில் பழகியது பிலிம் காலத்தில். சதுரப் படம் எடுக்கும் 120 சுருள் என்றால் பன்னிரண்டே படம். 35 மில்லிமீட்டர் சுருள் என்றால் முப்பத்தாறு. உதகமண்டலத்தில் 1960இல் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' பிலிமைப் பற்றி இன்றும் ஆசையோடு பேசுவார். "அப்ப நாங்க யோசிச்சிட்டு அமுக்குவோம். இப்ப நீங்க அமுக்கிட்டு யோசிக்கீங்க" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

அவர் உட்காரவைத்துப் பாடம் நடத்துபவர் அல்லர். கல்யாணம் முடிந்த இரண்டாம் நாள் கணினியில் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதுல யாரு யாரைப் பாக்காங்க?" மணமகளின் கண் தரையில் இருக்கும். தாயின் கண் மகள் மேல் இருக்கும். தகப்பனாரின் கண்ணோ பந்தி நடக்கும் பக்கம் ஓடும், சாப்பாடு போதுமோ போதாதோ என்று. இப்படிப் பார்வைகளைப் பின்தொடர்ந்து போனால் ஒரு கல்யாணத்தின் கதை முழுவதும் கிடைத்துவிடும் என்பதை அந்த ஒரு கேள்வியில் கற்றேன்.

அண்ணாச்சியைவிடப் பெரிய ஆசிரியர்கள் ஆல்பம் வாங்க வருபவர்கள். அவர்கள் துளை அளவும் அறியார், திரை வேகமும் அறியார். ஆனால் அவர்கள் விரல் பேசும். எந்தப் பக்கத்தில் விரல் நிற்கிறது, எந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டுகிறது என்று பக்கத்தில் நின்று கவனிப்பதே எனக்குப் படிப்பாயிற்று. மணமக்கள் தோப்பில் கைகோத்து நடக்கும் படத்தை இளைஞர்கள் மெச்சுவார்கள். பெரியவர்களின் விரலோ சீர்வரிசைத் தட்டு ஏந்திவரும் அத்தைமாரிடமும், மாலையோடு நிற்கும் தாய்மாமனிடமும் தங்கிவிடும்.

ஒருநாள் மணமகளின் தாயார் ஒருவர் ஆல்பத்தை இருமுறை புரட்டிவிட்டு, "தாலி கட்டும்போது எங்க வீட்டுக்காரர் அழுதாரே, அது இருக்கா?" என்று கேட்டார். கெட்டிமேளம் முழங்கி, மூன்று முடிச்சு விழுந்து, அட்சதை பொழிந்து ஓய்வது கொஞ்ச நேரத்துக்குள். அந்தச் சிறு பொழுதில் கேமராக்களும் செல்போன்களும் தாலியையே நோக்குவது வழக்கம். அம்மையார் கேட்டதன் பயனாக, அடுத்த முகூர்த்தம் முதல் மேடையின் ஓரத்தில், பெற்றோர் முகம் தெரியும்படி எனக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அண்ணாச்சி தாலியைப் பார்ப்பார். நான் தகப்பன்மாரைப் பார்ப்பேன்.

இன்னொரு நாள் ஒரு முதியவர் குழுப்படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முன்னால நிக்கவன் வெள்ளையடிச்ச மாதிரி இருக்கான். பின்னால நிக்கவன் யாருன்னே தெரியல. அவந்தானே எனக்குத் தம்பி!" என்றார். கூட்டம் பெரிதானால் அப்படித்தான் என்று எல்லாரும் அமைதி அடைந்தாலும் எனக்கு அந்தச் சொல் மறக்கவில்லை. அதை வகுப்பறைக்கு எடுத்துப் போனேன்.

தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது இயற்பியல் மாணவர் எல்லாரும் அறிந்த எதிர்விகித இருமடி விதி. முன்வரிசையிலிருந்து இரண்டு மீட்டரில் விளக்கை வைத்தால், ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் பின்வரிசைக்கு மூன்று மீட்டர். முன்னவர் பெறும் ஒளியில் ஒன்பதில் நான்கு பங்கு, அதாவது 44 விழுக்காடுதான் பின்னவருக்குக் கிட்டும். விளக்கை நான்கு மீட்டருக்குத் தள்ளினால் பின்வரிசைக்கு ஐந்து மீட்டர். இருபத்தைந்தில் பதினாறு பங்கு, அதாவது 64 விழுக்காடு கிட்டும். ஆறு மீட்டருக்குத் தள்ளினால் 73 விழுக்காடு. விளக்கு விலக விலக வேற்றுமை குறைகிறது! ஆனால் நான்கு மீட்டருக்குப் போனால் விளக்கின் திறனை நான்கு மடங்கு ஏற்றவேண்டும். முன்னவர் தலையின் நிழல் பின்னவர் மேல் விழாதிருக்க, அதை உயர்த்திப் பிடிக்கவும் வேண்டும்.

கணக்கை நோட்டில் போட்டுக் காட்டினேன். அண்ணாச்சி நோட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "சரி, தள்ளி வை" என்றார். அடுத்த கல்யாணத்தில் அவ்வாறே விளக்கைத் தள்ளி உயர்த்தி, இரு வரிசையும் துலங்கும்படி துளையை எஃப் 8 அளவுக்குக் குறுக்கி எடுத்தோம். இரண்டாம் நாள் கணினியில் பின்வரிசையைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் பாராட்டு.

பின்வரிசைக்காக இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தாவின் படம் ஒன்று மாலையோடு தொங்குகிறது. அது அவருக்கென்று எடுத்த படம் அன்று; உறவினர் வீட்டுக் கல்யாணக் குழுப்படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. முகம் பாதி இருட்டு. இடது தோளில் யாருடையவோ நான்கு விரல்கள் மட்டும் தெரிகின்றன. "ஒங்க தாத்தா இதைவிடச் சிரிச்ச முகம்ல" என்று ஆச்சி சொல்லும்போதெல்லாம் அந்த இருட்டுக்குள் சிரிப்பைத் தேடிப் பார்ப்பேன். கூலி வேலை செய்தவர்கள் தமக்கென்று ஸ்டுடியோ ஏறிப் படம் எடுத்துக்கொண்டதில்லை. வெளுத்த வேட்டி கட்டிக் கல்யாணத்துக்குப் போனார்கள். கூப்பிட்டபோது கடைசி வரிசையில் நின்றார்கள். எத்தனையோ வீடுகளில் இன்று மாலை போட்டிருப்பது அந்தக் கடைசி வரிசைக்குத்தான்.

ஆகவே அம்மாவின் கேள்விக்கு இப்போது என்னிடம் விடை உண்டு. படிக்கப் போவதும் படம் பிடிக்கப் போவதும் எனக்கு ஒன்றுதான். கரும்பலகையில் கற்ற விதி, யாரோ ஒரு பேரன் நாளை தேடப்போகும் முகத்தில் ஒளியாகப் போய் விழுகிறது. அதற்கு வழிகாட்டியவை, படம் பார்க்கும் எளிய மனிதர்களின் சொற்கள்.

நண்பர்களே, உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் "எல்லாரும் வாங்க" என்று படத்துக்குக் கூப்பிடும்போது, பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருக்கும் பெரியம்மாவையும், வாசல் திண்ணையில் தனியே உட்கார்ந்திருக்கும் தாத்தாவையும் கைபிடித்து அழைத்து வாருங்கள். எந்த வரிசையில் வேண்டுமானாலும் நிறுத்துங்கள். வெளிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.