காத்திருப்பதும் ஒரு வைத்தியமா?

என் கணவர் ராத்திரியில் நாலு தடவை எழுந்து பாத்ரூமுக்குப் போவார். கேட்டால், "வயசாகலையா, விடு" என்பார். அவருக்கு 57, எனக்கு 48. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை. ஷிப்டு மாறும்போது தூக்கம் கெடுகிறது என்று நானும் சும்மா இருந்து விட்டேன். ஒருநாள் மனசு கேட்காமல், நச்சரித்துத்தான் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஒன்று பார்த்தார்கள். 6.2 இருந்தது. அப்புறம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதற்கும் பிறகு ஊசி போட்டு 12 இடத்தில் சதை எடுத்துப் பரிசோதனை. அதில் இரண்டு துண்டில் புற்றுநோய். கிளீசன் 6, ஆரம்ப நிலை என்றார் டாக்டர். புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப் பைக்கு அடியில், பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பியாம். ராத்திரி எழுந்தது பெரும்பாலும் அந்தச் சுரப்பி வீங்கியதால்தான், புற்றுநோயால் இல்லையாம். அதைத் தேடப் போய் இது அகப்பட்டது.

"உடனே ஆபரேஷன் செய்யலாம், கதிர்வீச்சு கொடுக்கலாம், இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் கண்காணிக்கலாம். யோசித்துச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர்.

ஒன்றும் செய்யாமலா! எனக்குப் பகீரென்றது. என் அம்மா மார்பில் இருந்த கட்டியை எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்து, கடைசியில் போய்ச் சேர்ந்தவள். காத்திருப்பது என்றாலே எனக்கு அம்மா முகம்தான். ரயிலில் கவரைப்பேட்டை வந்து சேரும் வரை நான் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஏங்க, நகையை வைத்தாவது வெட்டி எடுத்துடலாம்" என்றேன். அவர் தலையாட்டவில்லை.

ஒரு வாரம் வீட்டில் சண்டைதான். குழம்பில் உப்பு கூட என்றால்கூட நான் அழுதேன். கடைசியில் ஒரு ராத்திரி அவரே சொன்னார்: "ஆபரேஷன் செய்தால் மூத்திரம் கட்டுப்படாமல் கசியலாமாம். கம்பெனி பஸ்ஸில் நாலு பேர் நடுவில் நான் எப்படி உட்காருவேன்?" தாம்பத்தியமும் பாதிக்கலாம் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை; எனக்குப் புரிந்தது. இத்தனை நாள் என் பயத்துக்கு மருந்தாகத்தான் அவரைக் கத்திக்கு அனுப்பப் பார்த்தேனோ என்று அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

மறுபடி டாக்டரிடம் போனோம். அம்மா கதையைச் சொல்லி நான் நேராகவே கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். உங்கள் அம்மாவுடையது யாரும் பார்க்காமல் விட்டது, இது தேதி போட்டுப் பார்த்துக் கொண்டே இருப்பது என்றார். பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை நோய் கண்ட 1,643 பேரை மூன்று பிரிவாக்கி, கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு என்று கொடுத்தார்களாம். 15 வருஷம் கழித்து, 2023-ல் முடிவு வந்தது. மூன்று பிரிவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். ஆனால் நோய் வேறு இடத்துக்குப் பரவியது கண்காணிப்பில் நூற்றுக்கு 9 பேருக்கு. மற்ற இரண்டில் 5 பேருக்கு. கண்காணிப்பில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் பின்னால் சிகிச்சை எடுத்துக் கொண்டார்களாம். டாக்டர் அந்த 9-ஐயும் மறைக்காமல் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

கண்காணிப்பு என்றே முடிவு செய்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, வருஷம் திரும்பினால் மறுபடி சதைப் பரிசோதனை. எண் ஏறினாலோ, கிளீசன் கூடினாலோ சிகிச்சைதான். அதில் பேச்சே இல்லை என்று அவரிடம் சத்தியம் வாங்கிக் கொண்டேன்.

நாத்தனார் மட்டும், "செலவுக்குப் பயந்து என் தம்பியை இப்படியே விட்டுட்டியே" என்று என்னிடம் பேசுவதில்லை. என்ன செய்வது! முதல் தடவை 6.0, அடுத்தது 6.3. அந்தத் துளி ஏற்றத்துக்கே எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. டாக்டரோ இது சகஜம் என்று சிரித்தார். அடுத்த பரிசோதனைக்குக் காலண்டரில் சுழித்து வைத்திருக்கிறேன். ரிப்போர்ட்டை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு, ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்திருக்கிறேன்.