மலைக்காற்றும் இறகுப்பந்தும்

ஹட்டனில் அதிகாலையில் பஸ் ஏறி நுவரெலியாவை நோக்கிச் செல்வது ஒரு தனி இன்பம். கொட்டகலையைக் கடந்ததும் டெவோன் நீர்வீழ்ச்சியும், அதனை அடுத்துச் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியும் பனிமூட்டத்தினூடே தோன்றும். தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று பாதை ஏறிக்கொண்டே போகும். கொழுந்து மலைக்குச் செல்லும் பெண்கள் ஒற்றையடிப் பாதைகளில் வரிசையாக ஏறிக்கொண்டிருப்பார்கள்.

இவ்வழியே நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். குடும்பத்துடன் சீதா எலிய சென்று சீதையம்மனை வழிபட்டதுண்டு. கல்லூரி அலுவல்களுக்காக ஓடியதும் உண்டு. ஆனால், சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை கையில் பட்மின்டன் மட்டையுடன் ஏறியபோது, பஸ் நடத்துநர் என்னை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தார். நரையோடிய தலைக்கும் அந்த மட்டைக்கும் என்ன பொருத்தமென்று அவர் எண்ணியிருக்கலாம்.

இரத்தத்திற் சர்க்கரை ஏறிவிட்டது. வியர்க்க வியர்க்க ஏதேனும் ஆடுங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவ்வேளையில் நுவரெலியாவில் இறகுப்பந்தாட்டத்திற்குக் குழுவாகப் பயிற்சி அளிக்கப்படும் என்ற அறிவித்தல் கண்ணிற் பட்டது. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: ஆரம்ப வகுப்பா, இடைநிலையா, உயர்நிலையா? இருபது ஆண்டுகளாகப் பிறருக்குப் புள்ளி இட்டுப் பழகிய எனக்கு, என்னை நானே எந்த வகுப்பில் அமர்த்துவது என்ற இக்கேள்வி பெருஞ் சோதனையாகிவிட்டது.

எங்கள் விடுதி முற்றத்தில் மாலை வேளைகளில் ஆடுவது என் வழக்கம். நான் அடிக்கும் பந்து கோட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தவறாமற் போய் விழும். ஆகவே, ‘இடைநிலை’ என்று எழுதினேன். அதுவே காரணமென்று மனைவியிடமும் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. ஆரம்ப வகுப்பிற் சேர்ந்தால், என் மாணவர்களின் வயதுடைய பிள்ளைகளுடன் வரிசையில் நிற்க நேரும் என்ற கூச்சமே அது.

தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து என் வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்திக்கும் இவ்வாட்டத்தில் அளவற்ற ஆசை. லயன் வாசலிற் கயிறு கட்டி, பலகைத் துண்டையே மட்டையாக்கி ஆடிப் பழகியவள். பயிற்சிக்குச் செல்லப் பேராவல் கொண்டிருந்தாள். பிள்ளையைத் தனியே பஸ்ஸில் அனுப்பத் தாய்க்கு மனம் வரவில்லை. “சேர் போறதா இருந்தா அனுப்புறேனுங்க, இருட்டுறதுக்குள்ள வந்துறணும்” என்றாள் அந்தத் தாய். அதன்பின் போவதா, விடுவதா என்ற கேள்விக்கு இடமில்லாது போயிற்று.

1870ஆம் ஆண்டுகளில் பூனா நகரிலிருந்த ஆங்கிலப் படை அதிகாரிகள் இவ்வாட்டத்திற்கு விதிகள் வகுத்தனர். அதே காலத்தில், 1876இல், நுவரெலியாவில் துரைமாருக்கென ஹில் கிளப் தோன்றியது. அத்தகைய கழகங்களின் வாயில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் திறக்கவில்லை. 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு நிலுக கருணாரத்ன, ஜப்பானிய வீரர் கெனிச்சி தாகோவை நேர் ஆட்டங்களில் வென்றார். அச்செய்தி லயன் வாசலையும் எட்டியிருக்க வேண்டும்.

பயிற்சி மண்டபத்தில் முதல் நாளே சோதனை நடந்தது. பயிற்றுநர் தம் பந்தொன்றைத் தந்து, பின் எல்லையிலிருந்து அடிக்கச் சொன்னார். முழு வலிமையுடன் அடித்தேன். பந்து வலையைச் சற்றே தாண்டி, நடுக்களத்திலேயே தலைகுப்புற விழுந்தது. மீண்டும் அடித்தேன், மீண்டும் அதே கதி.

“மாஸ்டர், நீங்கள் வீட்டில் ஆடுவது கொழும்பில் வாங்கிய பந்தா?” என்று அவர் சிரித்தவாறு கேட்டார். ஆமென்றேன். பிறகுதான் மர்மம் விளங்கியது. ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல். நுவரெலியாவோ 6,000 அடிக்கு மேல். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். பதினாறு இறகுகள் கொண்ட, ஐந்து கிராம் அளவே எடையுள்ள இப்பந்தைத் தடுத்து நிறுத்துவது காற்றேயாகும். குளிர் காற்றைச் சிறிது அடர்த்தியாக்கினும், உயரத்தால் நேரும் குறைவை அது ஈடுசெய்யாது. ஆகையால், கடற்கரை ஊர்களுக்கென்று செய்த பந்து மலைநாட்டில் மிகுதூரம் பறக்கும். இங்கே வேகங் குறைந்த பந்தையே ஆடவேண்டும். பின் எல்லையிலிருந்து கீழிருந்து மேலாக முழு விசையுடன் அடித்தால், எதிர்ப்புறப் பின் எல்லைக்கு 53 முதல் 99 சென்ரிமீற்றர் முன்பாக விழுவதே சரியான வேகமுள்ள பந்து.

இத்தனை காலமும் என் கைவன்மை என்று நான் மகிழ்ந்தது மலைக்காற்றின் உபகாரம்! மாணவி அதே பந்தைப் பின் எல்லைவரை பத்து முறையும் அனுப்பினாள். அவள் இடைநிலைக்குப் போனாள். நான் ஆரம்ப வகுப்பிற்கு வந்தேன்.

இப்போது சிந்திக்கையில், அது நியாயமான தீர்ப்பென்றே தோன்றுகிறது. குழுப் பயிற்சியிற் செலவு குறைவு. பலவித எதிராளிகளுடன் ஆடலாம். ஓய்ந்து நிற்கும்போது பிறர் பிழையிலிருந்தும் கற்கலாம். ஆனால், ஆசிரியரின் கண் எல்லோர்மீதும் ஒரே வேளையில் விழாது. தகுதிக்கு மேற்பட்ட வகுப்பிற் சேர்ந்தவன் தன் பிழைகளை வேகமாகப் பழகிக்கொள்வான். உடனாடுவோரின் நேரத்தையும் வீணாக்குவான். எத்தனை ஆண்டு ஆடினோம் என்பது அளவுகோலன்று. எண்ணிய இடத்திற்குப் பந்தைத் தொடங்கி வைக்க முடிகிறதா? பின் எல்லையிலிருந்து பின் எல்லைக்கு அனுப்ப முடிகிறதா? அடித்தபின் கால்கள் தாமாகவே களத்தின் நடுவுக்கு மீள்கின்றனவா? இம்மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல இயலாதவர், வயது எதுவாயினும், ஆரம்ப வகுப்பிற் சேர்வதே நன்று.

மாலையில் திரும்பும்போது பஸ் லிந்துலையை நெருங்கியது. அதுவரை மௌனமாயிருந்த மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “சேர், கோபிக்க வேண்டாம். நீங்கள் மட்டையை மிகவும் இறுக்கிப் பிடிக்கிறீர்கள். கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் பந்து இன்னும் தூரம் போகும்.”

மட்டையை உறையிலிருந்து எடுத்து, எப்படிப் பிடிப்பதென்று காட்டச் சொன்னேன். தலவாக்கலை வரும்வரை பாடம் நடந்தது. தோட்டத்துச் சந்தியில் அவள் தாய் குடையுடன் காத்து நின்றாள். இன்னும் இருட்டவில்லை.